நாலு போகத் தவணை

யாழ்ப்பாணம் போகும் பேருந்துகள் எங்கள் நகரத்தில் பத்து நிமிடம் நிற்கும். ஆட்கள் இறங்கித் தேநீர் குடிப்பார்கள், வடை வாங்குவார்கள், வீதியோரம் நின்று போனைப் பார்ப்பார்கள், பிறகு ஏறிப் போய்விடுவார்கள். அந்தப் பத்து நிமிடத்தை எப்படியாவது அரை நாளாக்க வேண்டும் என்றுதான் பிரதேச சபை ஒரு சுற்றுலாக் குழுவை அமைத்தது. சம்பளம் கிடையாது, விரும்பியவர்கள் சேரலாம் என்று நூலக வாசலில் ஓர் அறிவித்தல் ஒட்டியிருந்தார்கள். முன்பள்ளிப் பிள்ளைகளுக்குக் கதைப்புத்தகம் எடுக்கப் போன நான், அதை வாசித்த கையோடு பெயரைக் கொடுத்துவிட்டு வந்தேன். எனக்கு அப்படி ஒரு குணம். முதலில் கை எழும்பிவிடும். யோசனை எல்லாம் வீட்டுக்குச் சைக்கிள் மிதிக்கும்போதுதான் வரும்.

குழுவில் ஐந்து பேர். தலைவர் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர், எல்லோருக்கும் அவர் ‘சேர்’. குடியேற்றத் திட்டம் தொடங்கிய காலத்தில் அவருடைய தகப்பன் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காடு வெட்டி வயலாக்கியவர். விருந்தினர் விடுதி நடத்தும் ஓர் அக்கா, ஸ்டூடியோ வைத்திருக்கும் ஓர் அண்ணை, வாடகைச் சைக்கிள் கடைக்காரர் ஒருவர், பிறகு நான். சைக்கிள் கடைக்காரர் கூட்டம் தொடங்கி ஐந்தாவது நிமிடத்தில் நித்திரையாகிவிடுவார். வாக்கெடுப்பு என்ற சொல் காதில் விழுந்தால் கண்ணைத் திறக்காமலே கையை உயர்த்துவார். அந்த நால்வருக்கும் இரணைமடுக் குளத்துத் தண்ணீர் பாயும் வயல் இருந்தது. எனக்கு இல்லை. என் அப்பாவும் அம்மாவும் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து கலவரத்துக்குத் தப்பி வந்தவர்கள். அவர்களுக்குக் கிடைத்தது வாய்க்கால் எட்டாத மேட்டில் ஒரு துண்டுக் காணி. அதில் மரவள்ளி வரும், கச்சான் கடலை வரும், நெல் வராது.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் வருகிறவர்களை இரணைமடுக் குளக்கட்டில் நடத்திக் கூட்டிப் போவது என் பங்கு வேலை. அதைச் செய்வதற்கு வேறு யாரும் போட்டிக்கு வரவில்லை, காலை ஆறு மணிக்கு நிற்க வேண்டும் என்பதால். மார்கழியில் அக்கரை இருக்காது. தண்ணீர் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாத ஒரு வெளிறிய நிறம் மட்டும் இருக்கும். அதற்குள் மீன்பிடிக்கிறவர்களின் வள்ளங்கள் ஒன்றிலும் தொடாமல் அந்தரத்தில் நிற்கும். நான் நடக்கிறேனா, கட்டு என்னைக் கொண்டு போகிறதா என்று தெரியாத காலைகள் எத்தனையோ. கூட வருகிறவர்கள் முதல் நூறடி வரைக்கும் சத்தமாகக் கதைப்பார்கள். பிறகு யாரும் சொல்லாமலே குரல் தணிந்துவிடும்.

“இங்க பாக்கிறதுக்கு என்ன இருக்கு?” என்று கொழும்பிலிருந்து வந்த ஒருவர் கேட்டார்.

“கொஞ்ச நேரம் பேசாமல் நில்லுங்கோ” என்றேன்.

நின்றார். கால் மணி நேரம் கழித்து, திரும்பிப் போக மனமில்லாமல், இன்னும் கொஞ்ச தூரம் போகலாமா என்று அவரே கேட்டார். அன்றைக்கு நான் சந்தோஷத்தில் மிதந்தேன். குளத்தை நானே வெட்டினதுபோல ஒரு பெருமை.

ஆனாலும் கட்டில் நடப்பதைவிட எனக்குப் பெரிதாக இருந்தது மாதத்தின் முதல் ஞாயிறு பின்னேரம்தான். நூலகத்தின் மேல்மாடியில் ஒரு நீள மேசை, ஐந்து கதிரை. அதில் ஒன்று என்னுடையது. அதை இப்போது எழுதும்போது கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது, என்றாலும் உண்மை அதுதான். எங்கள் வீட்டில் எவரும் இந்த ஊர்க்காரரோடு ஒரே மேசையில் இருந்து ஒரு விசயத்தை முடிவு செய்ததில்லை. முடிவு செய்த பிறகு எங்களுக்குச் சொல்லி அனுப்புவார்கள், நாங்கள் வேலைக்குப் போவோம். அந்தக் கதிரையை விட எனக்கு மனமில்லை. அதற்காகவே ஒரு விசயத்தை நான் குழுவில் மறைத்தேன். முன்பள்ளிச் சம்பளம் போதாததால் சனிக்கிழமைகளிலும் விடுமுறையிலும் அம்மாவோடு வயலுக்குப் புல்லுப் பிடுங்கக் கூலிக்குப் போவேன். மேசையில் நான் ரீச்சர். அப்படியே இருக்கட்டும் என்று நினைத்தேன்.

மலைநாட்டிலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் கோயில் பார்க்கப் போய்த் திரும்பிய ஒரு கூட்டம் ஒருமுறை கட்டுக்கு வந்தது. நான் ‘வாங்கோ’ என்று சொல்லாமல் ‘வாங்க’ என்று கூப்பிட்ட விதத்தில் அதில் ஒரு பெண் என்னைக் கண்டுபிடித்துவிட்டார்.

“நீங்க எந்தத் தோட்டம்?”

“நான் இங்கதான் பொறந்தேன். அம்மாதான் அங்க.”

அவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கல்லில் இறங்கித் தண்ணீரில் கையை வைத்தார். எடுக்கவே இல்லை. வெகுநேரம் கழித்து, “எம்மாந் தண்ணி! இதுல ஒங்களுக்கு எத்தன ஏக்கரு?” என்று கேட்டார். நான் தூரத்தில் நின்ற ஒரு நாரையைக் காட்டிப் பேச்சை மாற்றினேன்.

குழு தொடங்கி ஒரு வருடம் போயிருக்கும், சபையிலிருந்து ஓர் உத்தியோகத்தர் கடிதத்தோடு வந்தார். வவுனியா நகரத்தில் வளர்ந்த இளம்பெண். ஐப்பசி மாதம், மழை வருகிறேன் வருகிறேன் என்று வானத்தில் சுற்றிக்கொண்டிருந்த புழுக்கமான பின்னேரம். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்ததே தவிரக் காற்று வரவில்லை.

“அங்கத்தவரின்ர தவணை, அதாவது பதவிக்காலம், எவ்வளவு எண்டு நீங்களே தீர்மானிச்சு எழுத்திலை தரவேணுமாம்” என்றார் அவர். “அது இல்லாட்டிக் குழுவைப் பதிய ஏலாது.”

“இரண்டு வருசம் போடுவம்” என்றார் விடுதி அக்கா.

“வருசம் எண்டால் எந்த வருசம்? தையிலையிருந்தோ, சித்திரையிலையிருந்தோ?” என்றார் சேர். அதிபராக இருந்தவர், ஒரு சொல்லைப் பிடித்தால் லேசில் விடமாட்டார். “இந்த ஊரிலை ஆர் வருசத்திலை கணக்குப் பாக்கிறது? கலியாணம் எப்ப எண்டு கேட்டால் நெல்லு வெட்டு முடிய. வீட்டுக்குக் கூரை எப்ப எண்டால் வெட்டு முடிய. நாங்கள் போகத்திலை போடுவம். நாலு போகம்.”

மேசையைச் சுற்றி எல்லோருடைய முகமும் மலர்ந்தது. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: எங்கள் பக்கத்தில் வருடத்துக்கு இரண்டு நெற்செய்கை. மழையை நம்பி விதைத்துத் தை, மாசியில் வெட்டுவது பெரும்போகம். குளத்துத் தண்ணீரில் சித்திரையில் விதைத்து ஆவணியில் வெட்டுவது சிறுபோகம். நாலு போகம் என்றால் இரண்டு வருடம். அக்கா சொன்னதும் அதுதான், ஆனால் சேர் சொன்னபோது அது எங்கள் சொந்தச் சட்டம்போல இருந்தது.

“ஒரு விசயம் சேர்” என்றார் ஸ்டூடியோ அண்ணை. “எல்லாரும் ஒரே நாளிலை எழும்பிப் போனால் பிறகு கதிரை மட்டும்தான் மிஞ்சும். அவரவர் வயலிலை நாலு போகம் வெட்டி முடிய அவரவர் விலகட்டும். வெட்டு ஆளுக்காள் முன்பின்னாத்தானே வரும்.”

“அருமையான யோசினை, தம்பி.”

உத்தியோகத்தர் ஒருமுறை எங்கள் முகங்களைப் பார்த்தார். பிறகு தோளைக் குலுக்கிவிட்டு அதை அப்படியே எழுதினார். சேர் வாக்கெடுப்பு என்றார். சைக்கிள் கடைக்காரரின் கை நித்திரையில் எழும்பியது. நான் அப்போது யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். மழைக்கு முந்திய வெளிச்சத்தில் வீதி முழுவதும் மஞ்சளாகி, போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லோரும் பழைய படத்துக்குள் நடப்பவர்கள்போலத் தெரிந்தார்கள். என் கையும் எழும்பியது.

பாதி வழியில்தான் சைக்கிளை நிறுத்தினேன். அவரவர் வயலில் நாலு போகம் என்றால், நான் யாருடைய வயலில் எண்ணுவது? முதலில் சிரிப்பு வந்தது. திரும்பிப் போய்க் கேட்கலாம். கேட்டால், வயலில்லாத ஆள் என்று ஐந்து பேர் முன்னிலையில் உரத்துச் சொல்லவேண்டி வரும். யாரும் கேட்காதவரைக்கும் நாமும் பேசாமல் இருப்போம் என்று முடிவெடுத்து, தூறலில் நனைந்துகொண்டே வீட்டுக்குப் போனேன்.

அதற்குப் பிறகு வந்த இரண்டு வருடங்களை நினைத்தால் எனக்கு ஒழுங்காக ஒன்றும் வரிசையில் வருவதில்லை. தண்ணீர்தான் நினைவுக்கு வருகிறது. குளம் நிரம்பி வான் கதவு திறந்த அன்று முகத்தில் அடித்த சாரல், வைகாசிக் காற்றில் கட்டோரம் தலையை ஆட்டிக்கொண்டு நின்ற நாணல், தண்ணீர் வற்ற வற்ற வெளியே வந்த பட்ட மரங்கள், ஒவ்வொன்றிலும் இறக்கையை விரித்துக் காயப்போட்டிருந்த நீர்க்காகங்கள். நடக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு எத்தனையாவது அடியில் மருத மரத்தின் நிழல் முகத்தில் விழும் என்று சொல்லுமளவுக்கு அந்தக் கட்டு எனக்குப் பழகிவிட்டது. இதெல்லாம் எத்தனை நாளைக்கு என்று ஒரு நினைவு மட்டும் அடிக்கடி வந்து போகும். வந்தால் இன்னும் மெதுவாக நடப்பேன்.

ஒரு சனிக்கிழமை சேரின் வயலில் புல்லுப் பிடுங்கிக்கொண்டிருந்தோம். எங்களைக் கூட்டிப் போகிறவர் வயல்காரர் யாரென்று சொல்வதில்லை, வரம்பில் நின்ற மோட்டார் சைக்கிளைப் பார்த்துத்தான் நான் அறிந்தேன். நான் போட்டிருந்தது முழுக்கைச் சேட்டு, தலையில் துவாய், அதற்குமேல் தொப்பி. அம்மாவே என்னைக் கிட்ட வந்துதான் அடையாளம் பிடிப்பார். “பிள்ளையள், வாய்க்கால் ஓரமும் ஒருக்காப் பாருங்கோ” என்று சேர் வரம்பிலிருந்து சொன்னார். நான் இன்னும் கொஞ்சம் குனிந்தேன். அடுத்த நாள் கூட்டத்தில் அதே சேர் எழும்பி எனக்குக் கதிரையை இழுத்துவிட்டு, “பிள்ளை, இஞ்சாலை இருங்கோ, யன்னல் காத்து வரும்” என்றார். நல்ல மனிதர். அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எல்லாம் எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும். மேசைக்குக் கீழே வைத்திருந்த என் விரல் நுனிகள் அன்று முழுக்க எரிந்தன.

மூன்றாவது போகத்தில் மழை பாதியில் கைவிட்டது. நெல் ஏதோ தப்பியது, குளம் நிறையவில்லை. விவசாயிகள் எல்லோரும் கூடித் தண்ணீரைப் பங்கிடும் கூட்டத்தில், அடுத்து வந்த சிறுபோகத்துக்கு ஒரு பக்க வாய்க்காலுக்கு மட்டும் தண்ணீர் விடுவதென்று முடிவானது. மற்றப் பக்க வயல்கள் காய்ந்து கிடந்தன. கட்டிலிருந்து பார்த்தால் ஒரு கை பச்சை, மறு கை சாம்பல். நடக்க வந்தவர்கள் அதைப் படம் எடுத்தார்கள். எங்கள் குழுவின் சட்டத்தை அப்போது எவரும் நினைத்துப் பார்க்கவில்லை. உத்தியோகத்தர்தான் நினைத்தார். புரட்டாதி மாதக் கூட்டத்துக்குக் கோப்பைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

“நாலு போகம் முடிஞ்சுது. விலகிற ஆக்களின்ர பேரும் புதுப் பட்டியலும் வேணும்.”

சேர் தொண்டையைச் செருமினார். “என்ர வயல் காஞ்ச பக்கமெல்லோ. நான் மூண்டுதான் வெட்டினனான்.”

“எனக்கும் மூண்டுதான்” என்றார் அக்கா.

சைக்கிள் கடைக்காரர் கண்ணைத் திறக்காமல் மூன்று விரலைக் காட்டினார்.

எல்லோரும் ஸ்டூடியோ அண்ணையைப் பார்த்தோம். அவருடைய வயல் தண்ணீர் கிடைத்த பக்கம். அந்தச் சட்டத்தின் தகப்பனும் அவர்தான். “நாலாவதை அறக்கொட்டிப் பூச்சி திண்டிட்டுது” என்றார் அவர், முகத்தைத் துக்க வீட்டில் வைப்பதுபோல வைத்துக்கொண்டு. “வெட்டினது வைக்கல் மட்டும். வைக்கல் வெட்டினது போகமே?”

அக்கா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்கும் சிரிப்பு அடக்க முடியவில்லை. யாருக்குமே போக மனமில்லை என்று அப்போதுதான் விளங்கியது. நான் மட்டும்தான் கதிரையைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். உத்தியோகத்தர் மட்டும் சிரிக்கவில்லை. பேனையை என் பக்கம் திருப்பினார்.

“ரீச்சருக்கு எத்தினை?”

சேர் என்னைப் பார்த்தார், பிறகு தன் நெற்றியைத் தடவினார். இரண்டு வருடம் முன்பு எழுதிய சட்டத்தில் இருந்த ஓட்டையை அவர் அந்த நிமிடத்தில்தான் கண்டிருக்க வேண்டும்.

“பிள்ளைக்கு வயல் இல்லையே” என்றார். பிறகு முகம் தெளிந்தது. “அப்ப பிள்ளைக்குத் தவணையே இல்லை. எப்பவும் இருக்கலாம்!”

“ஓம், அது நல்லது” என்றார் அக்கா. “குளத்துக்கு ஆக்களைக் கூட்டிக்கொண்டு போக வேற ஆர் இருக்கினம்?”

நான் ஆசைப்பட்டது அதுதான். எப்பவும் இருக்கலாம். பத்து வருடம், இருபது வருடம், கால் நடக்கிறவரைக்கும் அந்த வெளிறிய காலைகள் எனக்கு. வாயைத் திறந்து நன்றி சொல்லவேண்டியது மட்டும்தான் பாக்கி.

உத்தியோகத்தர் படிவத்தைப் புரட்டினார். “தவணை இல்லாத ஆளை அங்கத்தவர் எண்டு போட ஏலாது சேர். தொடங்கின திகதி, முடியிற திகதி ரெண்டும் வேணும். உதவியாளர் எண்டு போடலாம். அதுக்குத் தவணை தேவையில்லை. பட்டியலிலை பேர் வராது, ஆனால் வரலாம், போகலாம்.”

“அது பரவாயில்லைத்தானே, பிள்ளை?” என்றார் சேர். உண்மையான அன்போடுதான் கேட்டார். “பேரிலை என்ன கிடக்கு. கதிரை உங்கட கதிரைதான்.”

எனக்குக் கோபம் பொதுவாக மூன்று நாள் பிந்தித்தான் வரும். குளிக்கும்போது வரும், ஆளில்லாத சுவரோடு சண்டை பிடிப்பேன். அன்று அது நேரத்துக்கு வந்தது. ஆனால் சேரில் வரவில்லை. வயலில் அவருக்கு முகம் காட்டாமல் குனிந்த என்னில்தான் வந்தது. கைகளை மேசைக்கு மேலே எடுத்து வைத்தேன்.

“எனக்கு நாலும் முடிஞ்சுது” என்றேன்.

உத்தியோகத்தர் படிவத்திலிருந்து தலையை நிமிர்த்தினார்.

“முதல் பெரும்போகம் அக்கான்ர வயலிலை புல்லுப் புடுங்கினனான். சிறுபோகம் சேரின்ர வயல். அடுத்த பெரும்போகமும் சேரின்ர வயல், நீங்கள் வரம்பிலை நிண்டு வாய்க்கால் ஓரத்தைப் பாக்கச் சொன்னனீங்கள். கடைசிச் சிறுபோகம் அண்ணையின்ர.” ஸ்டூடியோ அண்ணையின் பக்கம் திரும்பினேன். “அண்ணை, உங்கட வயலிலை அறக்கொட்டி ஒரு மூலையிலைதான். மிச்சம் வெட்டினது எனக்குத் தெரியும். நான் அங்கதான் நிண்டனான்.”

அண்ணை மேசையைப் பார்த்தார். சைக்கிள் கடைக்காரர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார், கூட்டத்தின் நடுவில் அவரை விழித்தபடி நான் கண்டது அன்றுதான்.

“உங்களுக்குக் காஞ்சு கிடந்த போகத்திலையும் நான் வயலிலைதான் நிண்டனான். அதாலை எனக்கு நாலு. நான் விலகிறன். அங்கத்தவர் எண்டு எழுதி விலக்குங்கோ.”

சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், மறுபடி கழற்றினார். “என்ர வயலிலை” என்று மட்டும் தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு உத்தியோகத்தரிடம், “பிள்ளை சொன்னமாதிரியே எழுதுங்கோ” என்றார். “எனக்கும் விலகிற திகதி போடுங்கோ. தம்பிக்கும் போடுங்கோ.” அண்ணை மறுக்கவில்லை.

முதல் வரியில் என் பெயர். அதற்கு எதிரே அங்கத்தவர். தொடங்கிய திகதி, முடிந்த திகதி. கையெழுத்துப் போட்டேன். படியிறங்கும்போது கால் தரையில் பாவவில்லை. வீதியில் யாழ்ப்பாணப் பேருந்து ஒன்று நின்றது, ஆட்கள் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். வழி நெடுக அழுதுகொண்டுதான் சைக்கிள் மிதித்தேன். சந்தோஷமா, துக்கமா என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது. இனி ஞாயிற்றுக்கிழமை காலைகளில் என்ன செய்வேன் என்பதும் தெரியவில்லை.

அம்மா குசினி வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

“என்னா புள்ள, மொகமெல்லாம் வீங்கிக் கெடக்கு?”

“தவண முடிஞ்சிருச்சும்மா. இனிமே நான் குழுவில இல்ல.”

அம்மாவின் கை நின்றது. “தவணயா? ஒனக்கா? ஒனக்கும் போட்டாங்களா?”

“போட்டாங்கம்மா. புல்லுப் புடுங்குனதெல்லாம் கணக்கு. நாலு போகம், எழுத்துல இருக்கு.”

அவர் கீரையைச் சுளகில் வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு வலது கையின் சுண்டுவிரலை மடக்கினார். மலைநாட்டிலிருந்து வந்த வருடத்துப் பெரும்போகம். அடுத்த விரல். யாருடைய வயல் என்று ஒவ்வொன்றுக்கும் வாய்க்குள் சொல்லிக்கொண்டு போனார். இரண்டு கையும் முடிந்து மறுபடியும் சுண்டுவிரலுக்கு வந்தபோது நிறுத்தி, “அப்ப எனக்கு எத்தன தவண இருக்கும் புள்ள?” என்று கேட்டார்.

நான் பக்கத்தில் இருந்து, என் விரல்களையும் அவருக்கு எண்ணக் கொடுத்தேன்.